வாசலில் கிடந்த இன்ஜின்

எங்கள் வண்டியில் சூட்டைக் காட்டும் முள் பல வருஷமாக அசைந்ததே இல்லை. என் கணவருக்கு அது தெரியும். எனக்குத் தெரியாது.

வண்டி என்றால் குட்டியானை என்று சொல்லும் சின்ன லோடு வண்டி. முதலிபாளையத்தில் பின்னிய துணி ரோல்களை வீரபாண்டிப் பக்கம் இருக்கும் சாயப்பட்டறைக்குக் கொண்டுபோவதும், சாயம் ஏறிய துணியைத் திரும்ப முதலிபாளையத்துக்குக் கொண்டுவருவதும்தான் எங்கள் பிழைப்பு. நாங்கள் தெற்கத்திக்காரர்கள். கல்யாணமான புதிதில் ரெண்டு பேரும் பனியன் கம்பெனி வேலைக்கென்று இங்கே வந்தோம். அவருக்கு உட்கார்ந்து தைக்கிற வேலை பிடிக்கவில்லை. டிரைவராகப் போனார், பிறகு சொந்தமாக வண்டி எடுத்தார். நான் செக்கிங் டேபிளிலேயே நின்றுகொண்டிருந்தேன். பிள்ளைகள் இல்லை.

ஒரு மழை நாளில் லோடு மேல் ஏறி நின்று தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போது கயிறு அறுந்து, அவர் மல்லாக்க விழுந்தார். இடுப்புக்குக் கீழே எதுவும் திரும்பி வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து, எங்கள் லைன் வீட்டில் கதவுக்குப் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டோம். அங்கிருந்து பார்த்தால் வாசலும் வண்டியும் தெரியும். அவர்தான் அங்கே போடச் சொன்னார்.

வண்டிக்கு டிரைவர் போட்டால் வருவது அந்த ஆள் சம்பளத்துக்கே போய்விடும். அதனால் நானே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசன்ஸ் எடுத்தேன். நீங்களும் கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள் என்று அவரிடம் கேட்டேன். "கட்டில்ல கெடந்துக்கிட்டு நான் என்னத்தச் சொல்லிக்குடுக்க?" என்றார்.

வண்டி ஸ்டாண்டில் முதல் நாள் ஒருவர் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "ஏனுங்க அக்கா, நீங்க வண்டிக்கு வந்துட்டா ஊட்டுல அண்ணனுக்கு ஆருங்க கழுவி உடறது?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எங்கள் ஊரில் திட்டினால் கெட்ட வார்த்தையில் திட்டுவார்கள், மறுநாள் மறந்துவிடும். இங்கே ஒருவரைக் குத்துவதானாலும் 'ங்க' போட்டுத்தான் குத்துகிறார்கள். அது உள்ளேயே தங்கிவிடுகிறது.

காலையில் என் கணவரைக் கழுவி, துணி மாற்றி, சோறும் தண்ணீரும் கை எட்டும் இடத்தில் வைத்துவிட்டுத்தான் நான் வண்டியை எடுப்பேன். மத்தியானம் ஒரு தடவை வந்து பார்ப்பேன். அதை ஸ்டாண்டில் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

சித்திரை வெயில். முதலிபாளையத்திலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். ஏதோ ரப்பர் கருகுகிற வாடை அடித்தது. சாலையோரத்தில் யாரோ குப்பையைக் கொளுத்துகிறார்கள் என்று நினைத்தேன். முள்ளைப் பார்த்தேன். அது கீழே, பச்சையில், எப்போதும் போலப் படுத்துக் கிடந்தது. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினேன். திடீரென்று வண்டி முன்னால் யாரோ பிடித்து நிறுத்தியது போல நின்றது. சீட்டுக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பி என் முழங்கால் வரை வந்தது. பிறகு எத்தனை தடவை சாவியைத் திருப்பினாலும் இன்ஜின் சுற்றவில்லை.

எங்களுக்கு லோடு தரும் கம்பெனியிலிருந்து வேறு வண்டி வந்தது. அந்த டிரைவர் ரோல்களைத் தன் வண்டிக்கு மாற்றிக்கொண்டிருக்கும்போது நான் ரோட்டில் நின்றேன். போகிற பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் என்னையே பார்த்தார்கள்.

எங்கள் வண்டியை எப்போதும் பார்க்கும் மெக்கானிக் கட்டி இழுத்துக்கொண்டுபோய் இன்ஜின் ஹெட்டைக் கழற்றினார். தண்ணீர் போகும் குழாய் வெடித்து, ரேடியேட்டர் காய்ந்து, அந்தச் சூட்டிலேயே ஓடி பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றார்.

"ரெண்டு வழிங்க அக்கா," என்று கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஒண்ணு, இதையே இறக்கி முழுசா வேலை செய்யலாமுங்க. லேத்துக்குக் குடுத்து சிலிண்டரைக் கடைஞ்சு போர் அடிச்சு, புது பிஸ்டன் போட்டு, கிராங்கையும் தேச்சு எடுக்கோணும். லேத்துல கூட்டமுங்க, ஒரு மாசத்துக்குக் கொறையாம ஆகிப்போகும். ஆனா அப்புறம் பல வருஷத்துக்குக் கவலையில்லீங்க. இன்னொண்ணு, பழைய இன்ஜின் ஒண்ணு வாங்கி ஏத்திப்போடலாம். பாதிக்கும் கொறைவாத்தான் ஆகுமுங்க. ரெண்டு நாள்ல வண்டி ரோட்டுக்கு வந்துரும்."

"எவ்வளவு நாள் ஓடும்?"

"அதைய நான் எப்படீங்க சொல்றது? ஒரு வருஷமும் ஓடும், ஒரு வாரத்துலயும் படுத்துக்கும். வேற ஒருத்தர் எப்படி ஓட்டினாருன்னு நமக்கென்னங்க தெரியும்?"

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ரேடியேட்டர்ல தண்ணி பாத்தியாட்டி?"

"காலையில பாத்துட்டுத்தான் எடுத்தேன். முள்ளு ஏறவே இல்லீங்க. அதையும் பாத்துக்கிட்டேதான் வந்தேன்."

அவர் சிரித்தார். விழுந்ததற்குப் பிறகு அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "அந்த முள்ளு செத்து எத்தன வருஷமாச்சு! அதப் பாத்தா ஓட்டிட்டு வந்த?"

"எனக்குச் சொல்லலியே."

"வண்டி ஓட்டுதவனுக்கு மூக்கு வேணும். வாடை அடிச்சா நிறுத்தத் தெரியணும். முள்ளப் பாத்து ஓட்டுதவள்லாம் டிரைவரா?"

நான் தினமும் அந்த முள்ளைப் பார்த்து நிம்மதியாகப் போய்வந்ததைத் தெரிந்தே இந்த மனுஷர் கட்டிலில் கிடந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. வண்டி எடுக்கும் முன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாப்பாடு போடும்போது சொல்லியிருக்கலாம்.

"அந்த இன்ஜினையே வேலை செய்," என்றார். "ஒரு மாசமோ ரெண்டு மாசமோ, வண்டி நிக்கட்டும். கண்டவன் ஓட்டித் தள்ளுன சவத்த என் வண்டியில ஏத்தக் கூடாது."

இன்ஜின் விஷயத்தில் அவர் சொன்னதுதான் சரி. மெக்கானிக்கும் தனியாகக் கேட்டால் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் கம்பெனி மேனேஜர் அன்று சாயங்காலமே போன் பண்ணிவிட்டார். "ஒரு வாரம் பாக்கறனுங்க அக்கா. அதுக்கு மேல நான் வேற வண்டிதான் வெச்சுக்கோணுமுங்க." ஒரு மாதம் கழித்து அருமையான இன்ஜினோடு போய் நின்றால் லோடு யார் தருவார்கள்? அந்த ஒரு மாதம் அவருடைய மாத்திரைக்கும் மூத்திர டியூபுக்கும் எங்கே போவது? பழைய இன்ஜினையே வாங்குவதென்று முடிவு பண்ணினேன். அவரிடம் சொன்னபோது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மெக்கானிக்கோடு பஸ் ஏறிக் கோயம்புத்தூர்ப் பக்கம் போனேன். நொறுங்கிய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடம். இன்ஜின்களை வரிசையாகத் தரையில் வைத்திருந்தார்கள். கடைக்காரர் ஒன்றைக் காலால் தட்டிக் காட்டினார்.

"இது நல்ல சாமானுங்க. மரத்துல அடிச்ச வண்டி. முன்னாடி கேபின் மொத்தமும் போச்சு, ஓட்டின ஆளும் அங்கயே முடிஞ்சுட்டாரு. இன்ஜினுக்குப் பாருங்க, ஒரு கீறல் இல்லீங்க."

அவர் அதைப் பெருமையாகவே சொன்னார். மெக்கானிக்கும் தலையாட்டினார். நானும் குனிந்து கீறல் இருக்கிறதா என்று பார்த்தேன். அந்த ஆள் யார், எந்த ஊர், அவருக்கு யார் யார் இருந்தார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. தரையிலேயே பேட்டரி கொடுத்து ஸ்டார்ட் செய்தார்கள். ஆயில் மூடியைத் திறந்ததும் லேசாகப் புகை வந்தது.

"கொஞ்சம் மூச்சு வாங்குதுங்க," என்றார் மெக்கானிக். "ஆனா ஓடும்."

"ஏத்திருங்க," என்றேன்.

வண்டி மறுபடி ரோட்டுக்கு வந்தது. பின்னால் நீலமாகப் புகை விட்டது. அடிக்கடி ஆயில் ஊற்ற வேண்டியிருந்தது. ஸ்டாண்டில், "அக்கா வண்டி வந்தா கொசுவத்தி வாங்க வேண்டியதில்லீங்க," என்றார்கள். பரவாயில்லை. லோடு வந்தது, சோறு வெந்தது.

ஆனால் இன்ஜின் மாறினால் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜின் நம்பரை மாற்ற வேண்டும். வண்டி அவர் பேரில் இருந்தது. கையெழுத்துக்காக அவரிடம் பேப்பரை நீட்டினேன். "என் இன்ஜின் நம்பர்தான் என் புக்குல இருக்கும்," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதனால் எங்கே போலீஸ் நிற்பது தெரிந்தாலும் நான் வண்டியைச் சந்து வழியாகத் திருப்பிவிடுவேன்.

அதோடு விடவில்லை. எனக்குத் தெரியாமல் தன் போனில் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, கழற்றிப் போட்ட பழைய இன்ஜினை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். ஒரு நாள் நான் வரும்போது அது எங்கள் வாசலில், கட்டிலில் இருந்து பார்த்தால் நேராகத் தெரிகிற மாதிரி, ரெண்டு செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது. அதன் பிறகு அவர் வீல்சேரில் உட்காரப் பழகினார். மாதக்கணக்கில் நான் கெஞ்சியும் உட்காராதவர். வாசலுக்கு உருட்டிக்கொண்டு போய், மண்ணெண்ணெயும் பனியன் துணியும் வைத்து அதைத் துடைத்துக்கொண்டே இருப்பார். அந்த லைனில் குடியிருந்தவர்கள் தண்ணிக் குடத்தோடு போகும்போது, "இத நான் புதுசுலருந்து பாத்துப் பாத்து ஓட்டுனேன். இதக் கொன்னவ உள்ள மீன் பொரிக்கா, வாடை வருதா?" என்று கேட்பார். அவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் போய்விடுவார்கள்.

சாயங்காலம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தும்போது கட்டிலில் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பார். "கேட்டியா? உள்ள தட்டுது. இந்த வாரம் தாண்டாது," என்பார். அந்த வாரம் தாண்டும். அடுத்த வாரமும் அதையே சொல்வார். இன்ஜின் ஓட ஓட அவருக்கு ஆத்திரம் கூடிக்கொண்டே போனது.

நாங்கள் வேதக்காரர்கள். ராச்சாப்பாட்டுக்கு முன்னால் வீட்டில் ஜெபம் உண்டு. எப்போதும் அவர்தான் சத்தமாக ஜெபிப்பார், நான் முக்காடு போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருவேன். ஒரு நாள் எல்லாருக்காகவும் கேட்டு முடித்துவிட்டு, குரலை மாற்றாமலேயே, "ஆண்டவரே, இந்த வீட்ல பெரும பிடிச்சு அலையுதவள நடு ரோட்ல நிறுத்தும். எல்லாரும் பாக்க நிறுத்தும்," என்றார்.

நான் "ஆமென்" சொன்னேன். பழக்கம் அப்படி. பிறகு சோற்றைப் போட்டு அவருக்குக் கொடுத்தேன். அடுத்த நாளும் அதையே கேட்டார். தினமும் கேட்டார்.

மழைக்காலம் தொடங்கும்போது லோடு குறைந்தது. முதலில் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கூப்பிட்டார்கள். பிறகு வாரத்துக்கு ஒரு தடவை. ஏற்றுமதி ஆர்டர் இல்லையோ என்னவோ என்று நினைத்தேன். ஆனால் மற்ற வண்டிகள் ரோல்களோடு என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. புகைதான் காரணமாக இருக்கும் என்று மெக்கானிக்கிடம் சொல்லி அதையும் ஓரளவு சரி பண்ணினேன். அப்படியும் கூப்பிடவில்லை. கடைசியில் கம்பெனிக்கே போய் மேனேஜர் முன்னால் நின்றேன்.

நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். டீயைக் குடித்து முடிக்கிற வரைக்கும் வேறு என்னவோ பேசிக்கொண்டிருந்தார்.

"நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா சார்?"

"தப்பா நெனச்சுக்காதீங்க அக்கா. உங்க வண்டி இன்ஜின் ஆக்சிடென்ட் வண்டியிலிருந்து எடுத்ததாமா. டீசல் ஒழுகுதாமா, எப்ப வேணாலும் தீப்பிடிக்குமாமா. ஒரு லோடு துணி எரிஞ்சா நான் முதலாளிக்குப் பதில் சொல்ல முடியுங்களா?"

"யார் சொன்னது? ஸ்டாண்டுல சொன்னாங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இல்லீங்க அக்கா. உங்க ஊட்டுக்காரரே போன் பண்ணிச் சொல்லிப்போட்டாருங்க. ரெண்டு மூணு தடவை பண்ணினாரு. 'எம் பொண்டாட்டி உசுரும் முக்கியம் பாருங்க'ன்னு அழுதாருங்க."

மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டுகிறேன், ஒரு சொட்டு டீசல் ஒழுகினாலும் நான் லோடே கேட்கவில்லை என்றேன். "அதெல்லாம் வேண்டாமுங்க," என்றார். அவர் குரலில் என் மேல் இரக்கம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவர் வாசலில், இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"மேனேஜருக்கு நீங்க போன் பண்ணீங்களா?"

கொஞ்சமும் தயங்கவில்லை. "ஆமா, பண்ணேன்."

"எதுக்கு?"

"வண்டி நின்னாத்தான் நீ நிப்ப. நின்னாத்தான் இதத் தூக்கி லேத்துக்குக் குடுப்ப."

"சோத்துக்கு?"

"பட்டினி கெடப்போம். ரெண்டு பேருந்தானே? காலையில நீ சாவியத் தூக்கிட்டுப் போகும்போது அந்த சத்தத்தக் கேட்டுக்கிட்டுக் கெடக்கேனே, எனக்கு எப்படி இருக்கும்னு ஒரு நாளாவது நெனச்சியா?"

"இல்ல," என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். நினைக்க எனக்கு நேரம் இருந்ததில்லை. அதைக் கேட்டதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. என் சொல் ஒன்று அவருக்கு வலித்தது என்று கண்டபோது எனக்குள் ஏதோ இனித்தது.

மறுநாள் காலையில் அவரைக் கழுவி, சட்டை போட்டு, வீல்சேரில் தூக்கி வைத்து நானே வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். அவருக்கு ஆச்சரியம். பிரேக்கைப் போட்டேன். தெருவில் பழைய இரும்பு எடுக்கிறவர் தன் தம்பியோடு வண்டி தள்ளிக்கொண்டு வந்தார். நான் முந்தின நாளே சொல்லி வைத்திருந்தேன்.

இரும்புக்காரர் இன்ஜினைச் சுற்றிப் பார்த்தார். "நல்லா தொடச்சு வெச்சிருக்கீங்க. முழுசாவே எடுத்துக்கறமுங்க, ரெண்டு பேர் தூக்கிருவோம். முழுசாக் குடுத்தா வெலையும் கூட வருமுங்க."

"உடைச்சு எடுத்துக்கிடுங்க," என்றேன்.

"எதுக்குங்க உடைக்கோணும்?"

"உடைச்சுத்தான் தருவேன். இங்கயே உடைங்க."

அவர் என்னையும் வீல்சேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தம்பியிடம் சம்மட்டியை வாங்கினார்.

முதல் அடிக்கு ஒன்றும் ஆகவில்லை. கோவில் மணி மாதிரி ஒரு சத்தம் மட்டும் லைன் முழுக்கப் போனது. கதவுகள் திறந்தன. "ஏட்டி, வேண்டாம்," என்றார் என் கணவர். மூன்றாவதோ நாலாவதோ அடியில் ஓரம் விண்டது. "வேண்டாம்ட்டி. நான் இனிமே யாருக்கும் போன் பண்ண மாட்டேன். வேண்டாம்னு சொல்லு." வீல்சேர் சக்கரத்தைக் கையால் தள்ளிப் பார்த்தார். பிரேக் போட்டிருந்தது. அதை எடுத்துவிடத் தெரிந்தவர்தான், ஆனால் சக்கரத்தையே தள்ளிக்கொண்டிருந்தார். இரும்புக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அடிங்க," என்றேன்.

வார்ப்பிரும்பு உடைய ஆரம்பித்துவிட்டால் சீக்கிரம் உடைந்துவிடும். துண்டுகளைப் பொறுக்கித் தள்ளுவண்டியில் போடும்போது, அதில் ஒன்றையாவது, சின்னதாக ஒன்று, தரச் சொல்லி அவர் கேட்டார். இரும்புக்காரர் குனிந்து ஒன்றை எடுத்தார். அதையும் நான் வாங்கி வண்டியிலேயே போட்டேன்.

அன்று ராத்திரி ஜெபம் இல்லை. அவர் ஆரம்பிக்கவில்லை, நானும் ஆரம்பிக்கச் சொல்லவில்லை. ரொம்ப நாளைக்கு எங்களுக்குள் பேச்சே இல்லை. கழுவுவேன், சோறு போடுவேன், புரட்டிப் படுக்க வைப்பேன். படுக்கைப் புண்ணில் மருந்து போடும்போது எரிந்தாலும் சத்தம் போட மாட்டார். ஒரு நாள் ஆர்.சி. பேப்பரை நீட்டினேன். படிக்காமல் எங்கே கையெழுத்து என்று மட்டும் பார்த்துப் போட்டுக் கொடுத்தார்.

துணி லோடு திரும்ப எனக்கு வரவே இல்லை. ஒரு தடவை தீ என்று காதில் விழுந்துவிட்டால், பஞ்சும் நூலுமாக இருக்கிற ஊரில் எந்தக் கம்பெனி வாசலிலும் அந்த வண்டிக்கு இடம் கிடையாது. அவர் அதைத் தெரிந்துதான் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். கோழிப்பண்ணைக்குப் போனேன். பல்லடம் பக்கத்துப் பண்ணைகளிலிருந்து கோழி எருவை மூட்டையாக ஏற்றித் தோட்டங்களில் இறக்குவது. வண்டியில் எப்போதும் அந்த நாற்றம். என் தலைமுடியிலும், அவர் படுக்கையிலும். எரு எரிந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். இன்ஜினைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அவரைப் பேச வைத்ததும் எருதான். தோட்டக்காரர் ஒருவர் எருவை இறக்கிக்கொண்டு வாடகை தராமல் இழுத்தடித்தார். நான் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தேன். கட்டிலில் இருந்து கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். எதிர் முனையில் இருந்தவரிடம் அவர் கத்தவில்லை. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்து கற்றுக்கொண்ட மாதிரி, மெதுவாக, 'ங்க' போட்டு, என் போன் பேச்சில் அவர் காதில் விழுந்திருந்த அந்த ஆளுடைய மகள் நிச்சயத்தையும், சம்பந்தி வீடு எங்கே என்பதையும், அவர்கள் வீட்டு வாசலில் இந்த எரு மூட்டைகளை இறக்கிவைத்தால் நன்றாக இருக்குமா என்பதையும் கேட்டார். வாடகை அன்றைக்கே வந்துவிட்டது.

அதிலிருந்து என் போனும் அவரிடம்தான் இருக்கிறது. எனக்கு வேறொன்று வாங்கிக்கொண்டேன். லோடு பேசுவது, பாக்கி வசூலிப்பது, எந்தப் பண்ணையில் எரு தேங்கிக் கிடக்கிறது என்று தேடிப் பிடிப்பது எல்லாம் அவர். யாருக்கு எங்கே வலிக்கும் என்று கண்டுபிடிப்பதில் அவருக்கு நிகர் யாருமில்லை. அந்தக் குணத்தில்தான் இப்போது எங்கள் அடுப்பு எரிகிறது. பண்ணைக்காரர்கள் அவருக்குப் பயப்படுகிறார்கள். என்னிடம் அவரைப் பற்றி முறையிடுகிறார்கள். நான் சிரித்துவிட்டு மூட்டையை ஏற்றச் சொல்கிறேன்.

நேற்று ஒரு தோட்டத்தில் இறக்கிக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டார்.

"எங்க நிக்குத?"

"இறக்கிக்கிட்டு இருக்கேன்."

"முடிச்சுட்டு அப்படியே தெக்க வா. இன்னொரு பண்ணையில பேசிட்டேன். அந்தக் கிழவன் தண்ணி குடிக்கச் சொல்லுவான், குடிக்காத. குடிச்சா வாடகையில கொறைப்பான்."

"சாப்டீங்களா?" என்று கேட்டேன்.

அவர் போனை வைத்துவிட்டார்.